மெழுகுப் பல்லில் ஒரு சொற்பொழிவு

நாகரிகம் என்னும் மாளிகையைத் தாங்கி நிற்பது சொல். அரசுகள் சொல்லால் எழுந்தன, சொல்லால் விழுந்தன. போர்கள் ஒரு சொல்லில் மூண்டு இன்னொரு சொல்லில் அடங்கின. சொல்லுக்குத் துணையாக மேல்வரிசையில் பல்லும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் எந்த வரலாற்றாசிரியரும் எழுதி வைக்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்தான் அதைத் தன் சொந்த வாயில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவர் ஆங்கிலம் கற்பித்தவர். பள்ளியை விட்டு வந்த பிறகும் கற்பிப்பதை விடவில்லை. கடைப் பலகையில் எழுத்துப்பிழை கண்டால் உள்ளே போய், முதலாளியை வெளியே அழைத்து வந்து காட்டிவிட்டு, எதுவும் வாங்காமல் திரும்புவார். தெருவில் அவருக்கு ‘அகராதி’ என்று பெயர். நிறையச் சொல் தெரிந்தவர் என்பதால் மரியாதையாக வைத்திருக்கிறார்கள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைக் கெடுக்கும் அளவுக்குத் தெருவில் கொடியவர் யாரும் இல்லை.

ஆங்கிலச் சொற்களிலேயே அவருக்கு உயிர் ‘செட்’. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அதற்குள் ஒரு சந்தையே நடக்கிறது என்பார். சூரியன் மறைந்தால் அது. சிமென்ட் இறுகினால் அது. கடிகாரத்தைத் திருப்பி வைத்தால், எலிப்பொறி வைத்தால், மேசையில் தட்டு வைத்தால், உடைந்த எலும்பைச் சேர்த்து வைத்தால் எல்லாம் அதுதான். டென்னிஸில் ஒன்று, நாடக மேடையில் ஒன்று, வரவேற்பறையில் டிவியோடு ஒட்டிக்கொண்டு ஒன்று. ஒவ்வொன்றையும் துண்டுக் காகிதத்தில் எழுதி பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருந்தார். அந்த வீட்டில் பிஸ்கட்டை யாராவது தேடினால் அகப்படுவது இலக்கணம்தான்.

டின்னுக்குள் அனுமதி கிடைக்காத பயன்களும் இருந்தன. அவருடைய மனைவியின் தம்பி குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தான். குழாயும் வாளியும் ஒரு செட். பிடிக்காத வாடிக்கையாளர் செட் ஆகவில்லை. அடுத்த கடைக்காரன் வேறு செட்டு. எந்தத் துக்கத்துக்கும் அவனிடம் இருந்த ஒரே மருந்து, “விடுங்க அத்தான், எல்லாம் செட் ஆயிடும்.”

“அது சொல்லு இல்ல மாப்ளே, சோம்பேறித்தனம்” என்பார் தலைமையாசிரியர்.

இன்னொரு பெரிய பயனும் டின்னுக்கு வெளியே நின்றது. அவருடைய மனைவி பல் கட்டும் லேபில் வேலை செய்தாள். டாக்டரிடமிருந்து வாயின் அளவு வந்ததும் அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுப்பாள். அது செட் ஆக வேண்டும். அச்சின்மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாகப் பதிப்பாள். அதற்கு டீத் செட்டிங் என்று பெயர். எல்லாம் முடிந்து டப்பாவில் போனால் அது பல் செட். காலையிலிருந்து மாலை வரை அந்த லேபில் வேறு சொல்லே கிடையாது என்று சொல்லிவிடலாம். ஆனால் தலைமையாசிரியர் யாரிடமும் மனைவியின் வேலையைச் சொல்லும்போது, “மருத்துவத் துறையில இருக்காங்க” என்று முடித்துக்கொள்வார். பல், எச்சில், ஈறு இவையெல்லாம் இலக்கியத்தில் சேராதவை என்பது அவர் கருத்து.

இலக்கியத்தில் சேராத அந்த ஈறு ஒரு நாள் பழிவாங்கியது. பல வருடம் வீங்கி வீங்கிப் பார்த்து, கவனிப்பார் இல்லாமல் மேல்வரிசையைக் கைவிட்டது. டாக்டர் மேல்பற்களை எல்லாம் எடுத்துவிட்டார். கீழ்வரிசை எதிராளி இல்லாத ஆட்டக்காரனைப் போல் தனியாக நின்றது.

தலைமையாசிரியர் பேச்சை நிறுத்தினார்.

வீட்டிலும் நிறுத்தினார் என்பதுதான் விஷயம். வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். மனைவிக்கு முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. வீட்டில் மின்விசிறிக்கு ஒரு சத்தம் உண்டு என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இரண்டாவது வாரம் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவளே வேண்டுமென்று செய்தித்தாளைத் தப்பும் தவறுமாக உரக்கப் படித்துப் பார்த்தாள். அவர் திருத்தவில்லை. கைக்குட்டைக்கு மேலே இரண்டு கண் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு லேபுக்குப் போனவள், வரிசையில் இருந்த வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு, கணவனுடைய அச்சை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

வெளியே அத்தான் ஏன் தென்படுவதில்லை என்று கேட்டவர்களிடம் மைத்துனன் சமாளித்தான். ஏதோ பெரிய ஆராய்ச்சியில் இருக்கிறார், பேசினால் கவனம் சிதறும் என்றான். இந்தச் செய்தி வாசகர் மன்றத்தை எட்டியது. மன்றத் தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. ஒருவர் பேசாமல் இருப்பது அறிவின் அடையாளம் என்று நம்புகிறவர். தானும் அப்படி இருப்பதாக மேடைக்கு மேடை பேசுகிறவர். உடனே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்: ‘செட் – ஒரு சொல்லின் உலகம். நீண்ட மௌனத்துக்குப் பின் தலைமையாசிரியர் உரை.’

மைத்துனன் இதை வந்து சொன்னபோது தலைமையாசிரியர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பொக்கை வாயோடு மேடை ஏறுவதைவிட இப்படியே இருந்துவிடலாம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. மனைவி அதைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். இந்த மனிதர் இந்த மேடையில் பேசாவிட்டால் இனிமேல் எங்கேயும் பேச மாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பல் கட்டுவதில் ஒரு வழக்கம் உண்டு. பல் செட்டை முடிவாகச் செய்வதற்கு முன், மெழுகில் பதித்த பற்களையே ஒருமுறை வாயில் போட்டுப் பேசச் சொல்வார்கள். சரியாக இருந்தால் மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்கை வைத்து வேகவைப்பார்கள். பல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை ‘ஸ’ என்னும் ஒலி காட்டிக்கொடுக்கும். பல் ஒரு மயிரிழை முன்னால் வந்தால் விசிலடிக்கும். பின்னால் போனால் நாக்கு இடறும்.

டாக்டர் மெழுகுப் பல்லை மாட்டிவிட்டு, “சிக்ஸ்டி சிக்ஸ் சொல்லுங்க சார்” என்றார்.

தலைமையாசிரியர் எண்ணைச் சொல்லவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “செட்” என்றார். புதுக் குழாயில் தண்ணீர் விழுவது போல் ‘ஸ’ விழுந்தது. இன்னொரு முறை சொன்னார். அதற்கப்புறம் அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. சூரியனில் தொடங்கி எலிப்பொறி வரை வந்துவிட்டார். வெளியே காத்திருந்த நோயாளிகளில் ஒருவர் பல்வலியே தேவலை என்று எழுந்து போய்விட்டார்.

டாக்டர் அவர் வாயை உற்றுப் பார்த்து, இடது பக்கம் ஒரு பல் லேசாகத் திரும்பியிருக்கிறதே, நேராகத்தானே வைக்கச் சொன்னேன் என்று கேட்டார்.

“அது அப்படித்தான் இருந்துச்சு டாக்டர்” என்றாள் மனைவி. “நான் முதல்ல பார்த்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு.”

டாக்டர் அந்தப் பல்லை அப்படியே விட்டுவிட்டார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. தலைமையாசிரியர் மெழுகுப் பல்லைக் கழற்றிக் கொடுக்க மறுத்துவிட்டார். பிறகு தருகிறேன் என்று வீட்டுக்கே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் சொற்பொழிவு. வீட்டு வாசலில் மைத்துனன் காத்திருந்தான்.

“இதை உருக்கிட்டு செஞ்சா இதே ‘ஸ’ வரும்னு என்ன நிச்சயம்?” என்றார் தலைமையாசிரியர்.

“வரும்ங்க. அதுதானே எங்க வேலை” என்றாள் மனைவி.

“வந்தா சரி. வரலைன்னா? நாளைக்கு நான் மேடையில விசிலடிச்சுக்கிட்டு நிக்கணுமா?”

“மெழுகுங்க அது. சூடு பட்டா இளகிடும். இதைப் போட்டுக்கிட்டு ஒரு பிஸ்கட்டைக்கூடக் கடிக்க முடியாது.”

“நான் பேசத்தானே போறேன். கடிக்கவா போறேன்?”

“நீங்க பேசினாலே கடிக்கிற மாதிரிதான் அத்தான் இருக்கும்” என்றான் மைத்துனன்.

“நீ சும்மா இருடா” என்று தம்பியை அடக்கினாள். வேறொரு நாளாக இருந்தால் அவர் வாயில் விரலை விட்டே எடுத்திருப்பாள். ஊரில் பாதிப் பேர் வாய்க்குப் பல் செய்து கொடுத்தவளுக்கு அது ஒரு வேலையா? ஆனால் அவர் இத்தனை வாக்கியம் தொடர்ச்சியாகப் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அதில் ‘ஸ’ ஒவ்வொன்றும் பொட்டு வைத்தது போல் இருந்தது. அவளுக்குக் கை வரவில்லை. டாக்டருக்குப் போன் செய்து, அளவு இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது, நாளைக் கழித்துக் கொண்டுவருகிறேன் என்று ஒரு பொய் சொன்னாள். கணவனுக்கு ஒரு நிபந்தனை போட்டாள்: குளிர்ந்த தண்ணீர் தவிர எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. இன்னொன்றையும் சொன்னாள். தானும் கூட வருவதாக.

அவர் திகைத்துப்போனார். அவருடைய எந்தச் சொற்பொழிவுக்கும் அவள் வந்ததில்லை. வீட்டில் தினமும் நடப்பதற்கு எதற்கு வெளியே போய் நாற்காலி தேட வேண்டும் என்பது அவள் வாதம்.

மன்றத்தின் கூடம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேடை, இருமிக்கொண்டே இருக்கும் ஒரு மைக். தலைவர் வழக்கம்போல் தன் சொந்த டம்ளரைக் கொண்டுவந்திருந்தார். பளபளவென்று மூடியோடு இருக்கும். வீட்டிலிருந்தே ஐஸ் தண்ணீர் நிரப்பி வருவார். பொது இடத்துத் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் விளக்குவார். அன்றும் விளக்கினார். பிறகு பேச்சாளரின் மௌனத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். கடைசியில் அப்போதுதான் ஆவி பறக்க வந்த தேநீரை எடுத்து, தன் கையாலேயே தலைமையாசிரியரிடம் நீட்டி, “தொண்டையை நனைச்சுக்கிட்டு ஆரம்பிங்க சார். சூடா இருக்கும்போதே” என்றார்.

சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் மனைவி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். பக்கத்தில் மைத்துனன் கழுத்தை அறுப்பது போல் கையைக் காட்டினான். தலைமையாசிரியர் தேநீரைப் பார்த்தார். எதற்கும் காரணம் வைத்திருக்கும் மனிதருக்கு, தேநீரை மறுக்க ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொன்னால் பல்லைச் சொல்ல வேண்டும். நாலு பேர் பார்க்கக் குடித்தார். மேல்வரிசையில் படாமல் விழுங்கப் பார்த்தார். தேநீருக்கு வேறு வழி தெரியவில்லை.

பேச்சு அருமையாகத் தொடங்கியது. சூரியன் மறைந்தது, சிமென்ட் இறுகியது, எலிப்பொறி தயாரானது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்; ஆழ்ந்து கேட்கும்போது கண்ணை மூடுவது அவர் வழக்கம், சில சமயம் லேசாகக் குறட்டையும் விடுவார். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு ‘ஸ’வையும் காதால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டென்னிஸ் வரும்போது ஒரு மெல்லிய விசில் கேட்டது. மற்றவர்கள் மைக் என்று நினைத்தார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நாடக மேடை வரும்போது செட் ‘ஷெட்’ ஆயிற்று. பேச்சு வண்டி நிறுத்தும் இடத்துக்கு எப்போது போனது என்று பின்வரிசையில் ஒருவர் விசாரித்தார். அடுத்த வாக்கியத்தில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்தது. தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்து வாயை மூடினார்.

கைக்குட்டைக்கு மேலே அதே இரண்டு கண். அதை அவள் எத்தனையோ நாள் வீட்டில் பார்த்தவள். அவர் ஒரு காலைப் பின்னால் வைத்தார். நாற்காலியைத் தேடுகிறார். இப்போது உட்கார்ந்துவிட்டால் அந்த மனிதர் மறுபடி எழுந்திருக்க மாட்டார்.

அவள் நேராக மேடை ஏறிப் போய் உள்ளங்கையை நீட்டினாள்.

“கழட்டுங்க.”

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார்.

“யாரும் பார்க்கலை. குடுங்க.”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கைக்குட்டைக்குள்ளிருந்து, “எல்லாரும் பார்க்கிறாங்க” என்றார்.

“பார்த்தா பார்க்கட்டும். என்னைவிடவா?”

அவர் கொடுத்தார். அவள் விளக்குப் பக்கம் திரும்பி, சாய்ந்த பல்லைக் கட்டைவிரலால் நிமிர்த்தினாள். இடது பக்கத்துப் பல்லை நேராக்கி, பிறகு பழையபடி லேசாகத் திருப்பினாள். மெழுகு இறுகக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். சுற்றிப் பார்த்தாள். அந்தக் கூடத்தில் ஐஸ் தண்ணீர் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. மூடியைத் திறந்து, பல்லை உள்ளே போட்டு, லேப் பழக்கத்தில் மறுபடி மூடியும் வைத்தாள். தலைவர் ஆழ்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இருங்க” என்றாள். “செட் ஆகட்டும்.”

மைக் அதையும் கூடம் முழுக்கச் சொன்னது.

தலைமையாசிரியர் மைக்குக்கு முன்னால் பொக்கை வாயோடு நின்றார். ஓடிவிட வழி இருந்தது. படிக்கட்டு மூன்று அடி தள்ளித்தான். அவர் மனைவியின் கையைப் பார்த்தார். டம்ளர் மூடியின்மேல் அதை வைத்துக்கொண்டு, குழந்தை தூங்குவதற்குக் காத்திருப்பவளைப் போல் நின்றிருந்தாள். அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ‘ஸ’ வராத சொற்களாகப் பொறுக்கி, மெதுவாகப் பேசினார்.

“இன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. விட்டுட்டேன்” என்றார். “வாய்ல பல்லு கட்டுறது. அதுக்கும் இதே வார்த்தைதான். என் வீட்டுக்காரி பார்க்கிற வேலை அதுதான். மருத்துவத் துறை இல்ல. பல்லு கட்டுற லேப். இப்ப அந்த டம்ளர்ல கிடக்கே, அது என்னோடது. அவ கட்டினது.”

முதலில் சிரித்தது மைத்துனன். அப்புறம் கூடமே சிரித்தது. அந்த மன்றத்தில் பேச்சின் நடுவில் கேள்வி கேட்பது வழக்கமில்லை. கேட்டால் பேச்சு நீளும் என்ற பயம். அன்று முதல்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து, அது எந்த லேப் என்று கேட்டார். இன்னொருவர் சாப்பிட வசதியாக இருக்குமா என்றார். மூன்றாமவர் தன் வாயையே திறந்து காட்டிவிட்டார். தலைமையாசிரியர் எல்லாவற்றுக்கும் பல்லில்லாமலே பதில் சொன்னார். ஈறு இலக்கியத்தில் சேர்ந்துவிட்டது.

அவள் டம்ளரிலிருந்து பல்லை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தாள். அவர் திரும்பி நின்று மாட்டிக்கொண்டார். மைக்கில் வாயை வைத்து, “செட்” என்றார். ஸ திரும்பி வந்திருந்தது. கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவர் எந்தப் பயனையும் விடவில்லை. மைத்துனனின் கடைச் செட்டு, செட் ஆகாத வாடிக்கையாளர், எல்லாம் செட் ஆயிடும் என்கிற ஆறுதல் உட்பட ஒன்றொன்றாக உள்ளே அழைத்து உட்காரவைத்தார். சோம்பேறித்தனம் என்று சொன்னதை நினைவுபடுத்தத் தம்பி வாயெடுத்தான். அக்கா தொடையில் கிள்ளினாள். பேச்சு குறித்த நேரத்தைத் தாண்டி, மெத்தைக் கடை அடைக்கும் நேரத்தையும் தாண்டியது. யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டியவர் கண்ணை மூடியிருந்தார்.

கடைசிக் கைதட்டலில்தான் தலைவர் கண்ணைத் திறந்தார். எழுந்து, இந்த உரையின் ஒரு சொல்லைக்கூடத் தான் தவறவிடவில்லை என்று தொடங்கி, தன் மௌனத்தைப் பற்றிய நன்றியுரையை ஆற்றினார்.

வீட்டுக்கு நடக்கும்போது தலைமையாசிரியர் வழி முழுக்கப் பேசினார். பெட்டிக்கடைப் பலகையில் ஒரு பிழையைக் காட்டினார். மைத்துனன் பேச்சில் இரண்டைத் திருத்தினார். நாளைக்கு மெழுகை உருக்கிக்கொள்ளலாம், ஸ எங்கேயும் போகாது, போனால் நீ இருக்கிறாய் என்றார். மனைவி காதோரம் வரை வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தாள். வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போதுதான் தம்பி கேட்டான்.

“ஏன் அக்கா, பல்லை எடுத்தப்ப அந்தத் தண்ணியைக் கொட்டினியா?”

அவள் கொட்டவில்லை. நன்றியுரையின் நடுவில் தொண்டை கட்டியபோது, தலைவர் மூடியைத் திறந்து அதை முழுவதும் குடித்திருந்தார். கூடமே பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.